படிக்கொரு நாள்



தணிகைமலைப் படிகள் 365. ஆண்டின் நாட்களும் 365. டிசம்பர் 31ஆம் நாள் இரவில் அடியார்கள் படிதோறும் திருப்புகழ் ஓதி ஏறுகின்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில், புத்தாண்டன்று துரைமாரைக் காண விரைந்த நம்மவரை முருகப்பெருமான் சந்நிதிக்குத் திருப்பிய திருவிழா இது. இதனைத் தொடங்கியவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள்.

அப்பெரியார் இளமையில் தமிழ் ஏடு பயிலாதவர். மைசூர் அரண்மனையில் சமையற்பணி புரிந்தவர். பழநியில் திருப்புகழ் கேட்டு உருகினார். நடுவயதிலே எழுத்துக்கூட்டிப் பயின்று, பாடல் பாடலாக ஓதி, 1950இல் சித்தியடையும்வரை அந்நெறியில் நின்றார்.

நாமோ ஆடிக் கிருத்திகையன்று, 'நாள்தோறும் ஓதுவேன்' என்று சங்கற்பம் செய்கிறோம். ஆவணி முடியுமுன் நழுவ விடுகிறோம். ஒருநாள் தவறினால், 'இனி என்ன பயன்?' என்று நூலை மூடிவிடுகிறோம். அடியேனும் அவ்வாறு மூடியதுண்டு. படியேறுகையில் மூச்சு வாங்கினால் அடிவாரத்திற்கா திரும்புகிறோம்? நின்ற படியிலேயே சற்று அமர்ந்து, அடுத்த படியில் கால் வைக்கிறோம் அன்றோ? நியமமும் அத்தகையதே.

காலையில் ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பாடல் போதும். தவறினால் மறுநாளே தொடருங்கள். கல்வியாயினும் தொழிலாயினும் இதுவே வழி. ஏறும் கால் நம்முடையது. ஏற்றும் அருள் அவனுடையது.

தணிகேசன் திருவடி வாழ்க!