பரி பாடினோரும் பரி வளர்த்தோரும்



பத்தாம் ஆண்டு விழாவில் பேசப் பணித்த நண்பர்கள் ‘ஊர்தி’ என்னும் ஒரு சொல்லைத் தந்து, எஞ்சியதை என் விருப்பத்திற்கு விட்டுவிட்டனர். தண்டலத்தில் நின்று பேசுகிறவனுக்கு ஏற்ற சொல்தான். ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் பிறக்கின்றன. மறுபுறம் ஒரகடத்தில் 2013 முதலும் வல்லம் வடகாலில் 2017 முதலும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் பிறக்கின்றன. அவற்றின் ஆற்றலை இன்றும் குதிரைத்திறன் என்றே அளக்கிறோம். அந்த அளவுக்குப் பெயர் தந்த குதிரையைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

இன்று குதிரை வளர்க்கும் ஆசை கணினித் திரைக்குள் குடிபுகுந்துவிட்டது. தென்கொரியாவில் உருவான ‘பிளாக் டெசர்ட்’ என்னும் விளையாட்டில் ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் இணைசேர்த்து, பெற்றோரினும் உயர்ந்த குட்டி பிறக்குமா என்று காத்திருக்கிறார்கள். களைத்த குதிரைக்குக் கேரட் கொடுத்தால் போதும், தெம்பு மீண்டுவிடும். இதைக் கேட்டபோது எனக்குப் பாண்டியரின் குதிரைக் கொட்டில்கள் நினைவுக்கு வந்தன. அங்கே ஊட்டத்திற்குக் குறைவில்லை. குதிரைதான் பிழைக்கவில்லை.

நம் பாட்டில் குதிரைக்குத் தனியிடம் உண்டு. ‘குதிரை மறம்’ என்று ஒரு துறையே வகுத்தோம். சிறுபாணாற்றுப்படை காட்டும் வள்ளல்களில் காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். தலைவனும் ஊர்தியும் ஒரே பெயரில் வாழ்ந்தனர். ஆனால் அந்தப் பரிகளுள் பல கடல்வழி வந்தவை. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘குதிரைச் செட்டி’ என்றே வணிகர் குறிக்கப்பெறுகின்றனர். பாடினோம், விலைகொடுத்து வாங்கினோம். வளர்த்தோமா?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ இதற்குக் கசப்பான விடை எழுதிவைத்தார். ஓர்மூசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வரும். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மடிந்துபோகும். பேணத் தெரிந்தவர் இல்லை, மருத்துவம் பார்ப்பவரும் இல்லை. குதிரை மருத்துவர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தார்கள் என்றும் அவர் கூறுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை! நல்லின ஆணையும் பெண்ணையும் சேர்த்தாலும், இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி ஏறுவதற்கு உதவாததாகிவிடும் என்பதும் அவர் குறிப்பு. அதற்குத் தட்பவெப்பமே காரணம் என்று அவர் கருதினார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி இன்னும் வியப்பானது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தீனார், வழியில் இறந்தவற்றுக்கும் அரசன் கருவூலத்திலிருந்தே விலை. எண்ணிக்கையில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். தீவனத்தைப் பற்றி அவர் சொல்வதே நமக்கு முக்கியம். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். ஓட விடாமல் கயிற்றால் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பது. அன்பு குறைந்ததால் அல்ல, அறியாத அன்பு மிகுந்ததால் அந்தக் குதிரைகள் கெட்டன.

இந்த உண்மையை வஸ்ஸாஃபுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப்புலவர் கண்டிருக்கிறார் என்பதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். புறநானூற்று 299ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. பருத்தியை வேலியாக உடைய சிற்றூரின் தலைவன் தன் குதிரைக்கு உழுந்தின் சக்கையைத்தான் போட முடிந்தது. தளர்ந்த நடையுடைய அக்குதிரை, கடலைக் கிழிக்கும் தோணிபோலப் பகைப்படையைப் பிளந்து செல்கிறது. மருதவளம் மிக்க வேந்தரின் குதிரைகளோ நெய் சேர்த்த உணவு உண்டவை, பிடரிமயிர் கத்தரித்து மாலை சூட்டப்பெற்றவை. அவை களத்தில் ஒதுங்கி நிற்கின்றன.

உரைகாரர்கள் பலர் இதில் எளிய தலைவனின் வீரத்தைக் காண்கின்றனர். அது சரியே. எனக்கோ இது தீவனத்தொட்டியை எட்டிப் பார்த்த ஒருவரின் பாட்டாகப் படுகிறது. களத்தில் குதிரையைப் பார்க்கும் கண் எல்லாருக்கும் உண்டு. முதல்நாள் இரவு அது என்ன தின்றது என்று பார்க்கும் கண் அரிது. அந்தக் கண் பின்னர் நம் கவிதையிலிருந்து விலகிவிட்டதோ என்பதே என் ஐயம். எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாட்டில் எல்லார் குதிரையும் வந்தபின் கணவன் குதிரை வராததை எண்ணிக் கலங்கும் மனைவி இருக்கிறாள். நெஞ்சை உலுக்கும் பாட்டு. ஆனால் அந்தக் குதிரைக்கு நீர்காட்டியவன் யார் என்று கேட்க அங்கே இடமில்லை.

திருவாதவூரர் கதையையும் நினையுங்கள். பாண்டியன் பொன்னில் வந்த குதிரைகள் இரவில் நரிகளாகி, கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. இறைவனின் திருவிளையாடலாகவே அதைப் போற்றுகிறோம். கொட்டில் காத்தவன் விடியற்காலையில் கண்ட காட்சியை யார் பாடினார்?

வளர்ப்புக்கலையே நமக்கு வராது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காட்டில் காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தவர்கள் கொங்குநாட்டு உழவர்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை இன்றும் பேசப்படுவது. அவர்களுக்குத் தம் நிலத்தின் புல் தெரியும், தாய்ப்பசுவின் தாயும் தெரியும். கப்பலில் வந்த குதிரைக்கு அந்த நினைவு இல்லை. ஓசூருக்கருகே மத்திகிரியில் 1824இல் கும்பினியார் படைக்குதிரைப் பண்ணை அமைத்தனர். பின்னாளில் அதுவும் மாட்டுப்பண்ணையாகவே நிலைத்தது.

நம் வட்டத்தில் இரவுப்பணி முடித்து நேரே கூட்டத்திற்கு வருகிற கவிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களும் சாலையில் சீறும் வண்டியைத்தான் எழுதுகிறார்கள். அதன் பிறப்பை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு திருகாணியின் இறுக்கத்தைக் கையால் அறிவதை, அவர்களே அறிவார்கள். வேறு எந்தக் கவிஞரும் அறியார். பொன்முடியார் நின்ற இடம் அதுதான்.

இன்னும் ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். குதிரை வாங்கப் பொன் இல்லாத ஊர்கள் ஐயனாருக்கு மண்ணால் குதிரை செய்தன. பெரிய குதிரை செய்யும் வேளார் முதலில் நான்கு கால்களை எழுப்புவார். அவை எடை தாங்கும் அளவுக்கு உலரும்வரை காத்திருப்பார். அதன்பிறகே வயிறும் மார்பும் கழுத்தும் மேலேறும். சூளையில் வெடித்துவிடாதபடி உள்ளே வெற்றிடம் விடுவார். இங்கே பிறக்கும் குட்டிக்குக் கால் கோணும் என்று எழுதினாரே மார்க்கோ போலோ, அதே பாண்டிநாட்டு ஊர்களின் எல்லைகளில் அந்த மண்குதிரைகள் நான்கு காலும் நேராக நிற்கின்றன.