கேளா ஒலியும் காணாப் பழுதும்

என் இளமையில் ரயில் பயணம் போகும்போதெல்லாம், பெரிய சந்திப்பு நிலையத்தில் வண்டி நின்றவுடன் என் கண்கள் ஒருவரைத் தேடும். நீண்ட பிடியுள்ள சுத்தியலைத் தாங்கி அவர் வண்டியின் ஓரமாக நடந்து வருவார். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு கணம் செவி சாய்ப்பார். அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார். அவர் எதைக் கேட்கிறார் என்று என் தந்தையாரிடம் வினவினேன். "பாட்டி சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பாளே, அதே வித்தைதான். நல்லது கணீரென்னும், விரிசல் கண்டது பொத்தென்னும்" என்றார்.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சுத்தியல்காரரின் வழித்தோன்றலைப் பற்றி. அவருக்கு இன்று யந்திரக் கை வாய்த்திருக்கிறது. அவர் எழுப்பும் ஒலி மனிதச் செவிக்கு எட்டாதது. சக்கரத்தையும் அச்சையும் மட்டுமின்றி, ஆகாய விமான எஞ்சினுக்குள் சுழலும் தட்டுகளையும் அவர் தட்டிக் கேட்கிறார்.

சுழலும் உறுப்பின்மீது மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்தரம் ஒரே சுமையை ஆண்டுக்கணக்கில் ஒரே விதமாகத் தாங்கி நிற்கிறது. சுழலும் பொருளின் பாடு வேறு. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் வெளியே ஓட முயல்வதைக் கையில் உணர்கிறோம் அல்லவா? அதுபோலச் சுழலும் தட்டின் ஒவ்வொரு துகளும் தட்டைக் கிழித்துக்கொண்டு ஓடவே முயல்கிறது. எஞ்சின் ஓடும்போது இழுவிசை ஏறுகிறது; நிற்கும்போது இறங்குகிறது. இரும்புக் கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். இதனை உலோகக் களைப்பு என்பர். 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின்னரே பொறியாளர்கள் இதனை ஊன்றி ஆராயத் தலைப்பட்டனர். களைப்புக்கு ஒரு தொடக்கம் வேண்டும். உள்ளே கடுகளவு குறை இருந்தாலும் போதும். விரிசல் அங்கிருந்து புறப்படும்.

அப்படிப்பட்ட ஒரு கடுகின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1989-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து சிகாகோவை நோக்கி யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம் 296 பேருடன் புறப்பட்டது. அது டி.சி.-10 வகையைச் சேர்ந்தது; இறக்கைகளின்கீழ் இரண்டும் வாலில் ஒன்றுமாக மூன்று எஞ்சின்கள் கொண்டது. 37,000 அடி உயரத்தில் பறக்கையில் வால் எஞ்சினின் விசிறி இதழ்களைத் தாங்கும் தட்டு வெடித்துச் சிதறியது. டைட்டானியக் கலப்பு உலோகத்தால் ஆன அத்தட்டின் குறுக்களவு சுமார் 81 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 168 கிலோகிராம். விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் திரவக் குழாய்களை, ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று மூன்று தனி அமைப்புகளாக வைத்திருந்தனர். சிதறிய துண்டுகளால் மூன்றுமே செயலிழந்தன. கேப்டன் ஆல்ஃப்ரெட் ஹேன்ஸும் அவருடைய துணைவர்களும், பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்னும் பயிற்சி விமானியும், எஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையை மாறி மாறிக் கூட்டியும் குறைத்தும் முக்கால் மணி நேரம் போராடி, அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்துக்கு அதைக் கொண்டுசேர்த்தனர். தரையில் மோதிய வேகத்தில் விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர்.

வானில் சிதறிய தட்டின் பெரும்பகுதி சுமார் மூன்று மாதங்கள் கழித்து, அறுவடைக் காலத்தில், மக்காச்சோள வயலில் அகப்பட்டது. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான். 1970-களின் தொடக்கத்தில் அந்த டைட்டானியத்தை உருக்கியபோது, நைட்ரஜன் மிகுந்த ஒரு துணுக்கு முற்றிலும் கரையாமல் தங்கிவிட்டது. அது சுற்றியுள்ள உலோகத்தைப்போல் வளைந்துகொடுக்காது, நொறுங்கும். அவ்விடத்தில், தட்டின் நடுத்துளையின் பரப்பில், ஒன்றரை மில்லிமீட்டரும் நிரம்பாத குழி ஒன்று ஏற்பட்டது. அதிலிருந்து புறப்பட்ட விரிசல் 15,503 பறப்புகளினூடே சிறுகச் சிறுக வளர்ந்தது. அத்தட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த ஆயுளோ 18,000 பறப்புகள்!

இக்கதையில் என் உறக்கத்தைக் கெடுத்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1988-ஆம் ஆண்டில் அத்தட்டை எஞ்சினிலிருந்து கழற்றிச் சோதித்திருக்கிறார்கள். ஒளிரும் சாயத்தைப் பூசித் துடைத்து, இருட்டறையில் புறஊதா ஒளியில் பார்ப்பது அன்றைய முறை. விரிசலுக்குள் புகுந்த சாயம் கோடாக ஒளிரும். அந்த நாளில் விரிசல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது என்று பின்னர் கணக்கிட்டுக் கூறினர். சோதித்தவரின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. நான் ஒரு பொதுத்தேர்வின் விடைத்தாள் திருத்தும் முகாமில் பணியாற்றியபோது, மாலை வேளையில், ஒரு மாணவனின் கணித விடைத்தாளில் கடைசிப் பக்கத்து மதிப்பெண்களை மொத்தத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். 9 மதிப்பெண்கள். மறுகூட்டலில் அது வெளிப்பட்டது. ஆனால் அதற்குள் அவன் விரும்பிய கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்ல இயலாது. விடைகளைத் திருத்தி, ஓரத்தில் மதிப்பெண்ணும் என் கையாலேயே இட்டிருந்தேன். கண் பார்த்தது; கருத்து அங்கில்லை. உலோகம் களைப்பது போலவே கவனமும் களைக்கிறது. எந்தத் தாளில் அது ஒடியும் என்று திருத்துகிறவனுக்கே தெரிவதில்லை.

இனி ஒலிக்கு வருவோம். நம் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே உணரும். அதற்கு மேற்பட்டதைக் கேளா ஒலி என்கிறோம். உலோகத்தைச் சோதிக்க நொடிக்கு 50 இலட்சம், ஒரு கோடி என்ற அளவில் அதிர்வுகளைப் பயன்படுத்துகின்றனர். இவ்வளவு எதற்கு? குளத்தில் நட்ட மெல்லிய குச்சியைப் பெரிய அலை பொருட்படுத்தாமல் கடந்துபோகிறது. சின்னஞ்சிறு அலையோ அதில் மோதித் திரும்புகிறது. டைட்டானியத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 6,100 மீட்டர் வேகத்தில் செல்லும். நொடிக்கு 5,000 அதிர்வு கொண்ட ஒலியின் அலை அந்த உலோகத்தில் 120 சென்டிமீட்டர் நீளம். நாம் பேசிய தட்டையே விழுங்கிவிடும் அலை அது. 50 இலட்சம் அதிர்வு கொண்ட ஒலியின் அலை நீளமோ ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடுகளவு குறையைக் கண்டு திரும்பி வரக்கூடியது அதுவே. சுத்தியல்காரரின் செவி எவ்வளவு கூர்மையானதாயினும், சிறு குழியை அவர் ஏன் கேட்டிருக்க முடியாது என்பது இப்போது விளங்கும்.

அத்தகைய ஒலியை எழுப்பச் சில படிகங்கள் துணைபுரிகின்றன. அவற்றை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டில் பாரிஸில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிரும் என்பது அதன் மறுபக்கம். 1920-களின் இறுதியில் ரஷ்ய அறிஞர் சோகலோவ் உலோகக் குறைகளை இவ்வொலியால் அறியலாம் என்றார். 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபயர்ஸ்டோன், ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு அதன் எதிரொலிக்குக் காத்திருக்கும் கருவியை உருவாக்கினார். மலையடிவாரத்தில் நின்று கூவினால், எதிரொலி வர ஆகும் நேரத்தைக் கொண்டு மலையின் தொலைவைக் கணக்கிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான் இங்கும். 6 சென்டிமீட்டர் ஆழத்தில் குறை இருந்தால் எதிரொலி ஒரு நொடியின் 10 இலட்சத்தில் 20 பங்கு நேரத்தில் திரும்பிவிடும். விரிசலுக்குள் இருப்பது மிக மெல்லிய காற்றிடைவெளியே. ஆனால் உலோகத்திலிருந்து காற்றுக்குள் புக இவ்வொலிக்கு வழியில்லை. ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். இதே காரணத்தால் படிகத்துக்கும் தட்டுக்கும் இடையிலும் காற்று இருத்தலாகாது. ஆகவே தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துச் சோதிக்கின்றனர்.

இந்த இடத்தில்தான் ரோபோ வேலைக்கு வருகிறது. கதைகளில் வரும் கண்ணும் வாயும் உடைய யந்திர மனிதனை எண்ணிவிடாதீர்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு என்பதுபோல் ஆறு மூட்டுகளுள்ள ஓர் இரும்புக் கை. அதன் நுனியில் படிகம் பொருத்திய சிறு குழல். அவ்வளவுதான். தொட்டியினுள் தட்டு மெதுவாகச் சுழல, குழல் அதன் மேற்பரப்பின் வளைவுகளைப் பின்பற்றி நகர்கிறது.

மனிதன் கையால் இதைச் செய்தால் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர். டைட்டானியத்தில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் சற்று மிகுதி. ஒளிவிலகல் பாடத்தில் நீங்கள் படித்த விதி ஒலிக்கும் பொருந்தும். குழல் ஒரு பாகை சாய்ந்தால், உலோகத்துக்குள் ஒலிக்கற்றை நான்கு பாகை சாய்ந்துவிடும்; 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 7 மில்லிமீட்டர் விலகியிருக்கும். கை ஒரு பாகை நடுங்காத மனிதர் யார்? அடுத்து, 80 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு முகத்தை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் சோதித்தால், 20 இலட்சம் புள்ளிகளில் ஒலியை அனுப்பிப் பதில் கேட்கவேண்டும். நாற்பது விடைத்தாள்களில் தடுமாறிய நான் இந்த எண்ணிக்கையின்முன் தலைவணங்குகிறேன். யந்திரக் கைக்கு முதற்புள்ளியும் கடைசிப்புள்ளியும் ஒன்றே. ஒவ்வொரு புள்ளியின் எதிரொலியும் பதிவாகி, தட்டின் உட்புறம் நிறங்களால் தீட்டிய வரைபடமாகத் திரையில் தோன்றுகிறது. சில ஆயிரம் பறப்புகளுக்குப் பின் அதே தட்டு திரும்பி வரும்போது, பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். சுத்தியல்காரர் கேட்ட ஒலி அவரோடு போய்விட்டது; இது தங்குகிறது.

யந்திரத்தைப் புகழ்ந்து நிறுத்திவிட்டால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன். ஒரு தாளின் விளிம்பை நம் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் மெல்லிய கோடே தெரியும். அவ்வாறே ஒலிக்கற்றைக்கு இணையாகக் கிடக்கும் விரிசல் எதிரொலி தருவது அரிது. ஆகவே ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து கேட்கவேண்டும். மேற்பரப்பிலிருந்து எழும் பேரெதிரொலி அதை ஒட்டியுள்ள சிறு குறையின் குரலை அமுக்கிவிடும். டைட்டானியத்தின் மணிகளே சந்தை இரைச்சல்போல் ஓசை எழுப்பும்; அந்த இரைச்சலுக்குள் ஒரு குழந்தையின் அழுகையைப் பிரித்தறிய வேண்டும். குழியோ விரிசலோ இல்லாத நைட்ரஜன் துணுக்கானால் இன்னும் கடினம். சுற்றியுள்ள உலோகத்துக்கும் அதற்கும் ஒலி அதிக வேறுபாடு காட்டுவதில்லை. எனவேதான், தெரிந்த ஆழத்தில் தெரிந்த அளவுத் துளையிட்ட மாதிரிக் கட்டையை முதலில் சோதித்து, கருவி அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்த பின்னரே உண்மைத் தட்டைத் தொடுகின்றனர். தேர்வு எழுதுமுன் ஆசிரியருக்கே ஒரு தேர்வு வைப்பது போன்றது இது. எங்கள் காலத்தில் எங்களுக்கு யாரும் வைக்கவில்லை!

சோதனையை எங்கே நடத்துவது என்பதும் மனிதன் தீர்மானிக்க வேண்டியதே. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று சிகாகோவில், அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 767 விமானம் 170 பேருடன் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தபோது, எஞ்சினின் வெப்பப் பகுதியில் இருந்த நிக்கல் கலப்புத் தட்டு உடைந்தது. அதன் ஒரு துண்டு ஏறக்குறைய 900 மீட்டர் பறந்து ஒரு கிடங்கின் கூரையைத் துளைத்தது. விமானி உடனே நிறுத்தியதால் எல்லோரும் உயிர்தப்பினர். ஒருவருக்குப் பலத்த காயம். அத்தட்டையும் முறைப்படி சோதித்திருந்தார்கள். ஆனால் அச்சோதனைகள் மேற்பரப்பையும் அதை ஒட்டிய பகுதியையுமே பார்ப்பவை. குறை உட்புறத்தில் இருந்தது. அதன்பின் 2018-ஆம் ஆண்டில், அவ்வகைத் தட்டுகளைக் கேளா ஒலியால் சோதிக்குமாறு அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டில், உலோகத் தூளிலிருந்து செய்த தட்டுகளில் அயற்பொருள் கலந்திருக்கலாம் என்ற ஐயத்தால், ஒருவகை எஞ்சின்கள் உலகெங்கும் விமானங்களிலிருந்து கழற்றப்பட்டுச் சோதனைக்கு அனுப்பப்பட்டன. அதன் விளைவாக நம் நாட்டு விமானங்கள் பலவும் பறக்காமல் நின்றதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பயணம் தடைப்பட்டவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சூ சிட்டியின் மக்காச்சோள வயல் நினைவுக்கு வந்தது.

இரவு முழுவதும் ரோபோ வேலை செய்யலாம். காலையில் ஒருவர் திரையின்முன் வந்து அமர்கிறார். 20 இலட்சம் புள்ளிகளில் ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறியிருக்கிறது. அது தட்டின் வளைவு தரும் இயல்பான எதிரொலியா, ஒட்டிநின்ற நீர்க்குமிழியா, அல்லது உண்மைப் பழுதா? குமிழியைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை வேறு கோணத்திலிருந்து மீண்டும் கேட்குமாறு அவர் பணிக்கிறார். கை திரும்புகிறது, தட்டு சுழல்கிறது. இரண்டாம் முறையும் அதே ஆழத்திலிருந்து பதில் வருமானால், அத்தட்டு மீண்டும் எஞ்சினுக்குள் போவதில்லை.