செல்லப் பிராணிக்குக் காப்புறுதி தேவையா?



தோட்டப்புறங்களில் வாசலில் ஒரு நாய் படுத்திராத வீட்டைக் காண்பது அரிது. விடியுமுன் வேலைக்குப் புறப்படுகிறவரைச் செம்பனைக் காட்டு எல்லை வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பும். பாம்பு புகுந்தால் குரைத்து எழுப்பும். தாயும் தந்தையும் வேலைக்குப் போன வீட்டில் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பலர் பூனை வளர்க்கிறார்கள். இந்தப் பிராணிகளும் நம் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

அண்மைக் காலமாக நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதி எடுக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. "மாதம் சிறு தொகை கட்டுங்கள், நோய் வந்தால் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். இதை நம்பிப் பணம் கட்டலாமா? அந்தக் கணக்கை இன்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

காப்புறுதி நமக்குப் புதிதன்று. தோட்டங்களில் மரண சகாய நிதி இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். எல்லாரும் மாதாமாதம் சிறு தொகை கொடுப்பார்கள். துக்கம் நேர்ந்த வீட்டிற்கு மொத்தமாக உதவி கிடைக்கும். சம்பளத்தில் பிடிக்கப்படும் சொக்சோவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பலர் கட்டுவது சிலருக்கு உதவுகிறது. நோயே வராமல் போனால் கட்டிய பணம் திரும்பி வராது. ஆகவே காப்புறுதியைச் சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

பிராணிகளுக்குக் காப்புறுதி எடுக்கும் வழக்கம் மேல்நாடுகளில் வெகுநாளாக உண்டு. சுவீடன் நாட்டில் 1924-ஆம் ஆண்டிலேயே ஒரு நாய்க்குக் காப்புறுதி எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு, தொலைக்காட்சியில் 'லாஸி'யாக நடித்த நாய்க்கு எடுத்தார்கள். அந்த நாய் பணம் சம்பாதித்த நாய். நம் வீட்டு நாய்க்கும் அதே கணக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம். இவை கணக்கிற்காக நான் வைத்துக்கொள்ளும் தொகைகளே தவிர, எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. மாதச் சந்தா 30 வெள்ளி என்றால் வருடத்திற்கு 360 வெள்ளி; பத்து வருடத்தில் 3,600 வெள்ளி. வைத்தியச் செலவில் முதல் 200 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும், மீதியில் நூற்றுக்கு எண்பதை நிறுவனம் தரும் என்பது பத்திரத்தின் விதி என்று வைத்துக்கொள்வோம்.

நாய்க்கு வயிற்றுக்கோளாறு வந்து 150 வெள்ளி செலவானால், நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வராது. அதே நாய் லாரியில் அடிபட்டு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்கு 2,500 வெள்ளி ஆகிறது என்றால் என்ன கிடைக்கும்? முதல் 200 போக மீதி 2,300. அதில் நிறுவனம் தருவது 1,840 வெள்ளி. நம் கையிலிருந்து போவது 660 வெள்ளி. அவ்வருடத்துச் சந்தாவையும் சேர்த்தால் 1,020 வெள்ளி.

நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு 2,500 வெள்ளி என்பது ஏறக்குறைய ஒன்றரை மாத உழைப்பு. ஆகவே சின்னச் செலவுக்குக் காப்புறுதி உதவாது. குடும்பத்தையே ஆட்டிவிடும் பெரிய செலவுக்குத்தான் அது உதவும்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. இவ்வகைத் திட்டங்கள் பலவற்றில் மருத்துவருக்கு முதலில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். பிறகு ரசீதை அனுப்பினால் நிறுவனம் பரிசீலித்துத் திருப்பித் தரும். பத்திரம் கையில் இருந்தும், அன்றைக்கு 2,500 வெள்ளி கையில் இல்லையென்றால் சிகிச்சை நின்றுவிடும். அல்லது வட்டிக்காரனிடம் போய் நிற்க நேரும். ஆகையால் காப்புறுதி எடுப்பவருக்கும் கைப்பணம் வேண்டும்.

அடுத்து, பத்திரத்தில் சிறிய எழுத்தில் இருப்பவற்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். நாய் நொண்டத் தொடங்கிய பிறகு ஓடிப்போய்ப் பத்திரம் வாங்குவதில் பயனில்லை. வாங்கிய பிறகும் சில நாட்கள், சில வாரங்கள் காத்திருப்புக் காலம் உண்டு. வருடத்திற்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு. வயது முதிர்ந்த பிராணியைச் சேர்த்துக்கொள்ள மறுப்பார்கள், அல்லது சந்தாவைக் கூட்டுவார்கள். தோலுக்கடியில் அரிசி அளவு மின்னணுச் சில்லு பொருத்தியிருக்க வேண்டும் என்றும், தடுப்பூசி அட்டை வேண்டும் என்றும் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. தடுப்பூசிச் செலவும் கருத்தடைச் செலவும் பெரும்பாலும் இதில் சேரா. நாய், பூனைக்கான பத்திரத்தை ஆடு மாடுகளுக்குக் காட்ட முடியாது. கறவை மாட்டை நம்பிப் பிழைப்பவர்கள் தங்கள் வட்டாரத்துக் கால்நடை இலாகாவில் தனியாக ஆலோசனை கேட்பது நல்லது.

நேயர்களே, காப்புறுதிக்கு முன்னால் செய்ய வேண்டியது தடுப்பூசி. பார்வோ என்ற வைரஸ் நோய் நாய்க்குட்டிகளை வாந்தியாலும் இரத்தப் பேதியாலும் சில நாட்களிலேயே மாய்த்துவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு குட்டி இறந்த வாசலில் அடுத்த குட்டியைக் கொண்டுவந்து விட்டால் அதற்கும் தொற்றும். "எங்கள் வீட்டிற்கு நாய் ராசியில்லை" என்று சொல்லிக்கொள்வது இதனால்தான். இதில் ராசி ஒன்றுமில்லை. குட்டி பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊசி போட்டால் அந்தக் குட்டி பிழைத்துக்கொள்ளும். வெறிநோயையும் மறக்கலாகாது. 2015-ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-ஆம் ஆண்டு சரவாக்கிலும் அது தலைகாட்டியது. எலி மூத்திரத்தால் பரவும் நோய் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். உண்ணிகளை அகற்றினால் உண்ணிக் காய்ச்சலிலிருந்து நாயைக் காக்கலாம்.

இரண்டாவது, சேமிப்பு. சந்தாவாகக் கட்ட நினைக்கும் அந்த 30 வெள்ளியை மாதந்தோறும் வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். மூன்று வருடத்தில் 1,080 வெள்ளி சேர்ந்துவிடும். நாய்க்கு நோயே வராவிட்டால் அந்தப் பணம் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும். இதில் ஒரு குறையும் உண்டு. சேமிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதமே விபத்து நேர்ந்தால் கையில் இருப்பது 90 வெள்ளிதான். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் காப்புறுதியின் வேலை.

அப்படியானால் யார் எடுக்கலாம்? தடுப்பூசிகளை முறையாகப் போட்டு, அவசரத்திற்கு ஓரளவு பணம் சேர்த்துவைத்து, அதற்குமேல் சந்தா கட்டியும் வீட்டுச் செலவுக்குத் தட்டுப்பாடு வராத குடும்பம் எடுக்கலாம். பிராணி இளவயதாக இருந்தால் இன்னும் நல்லது. நம் நாய் பிறரைக் கடித்துவிட்டால் அந்த இழப்பையும் ஏற்கும் பத்திரங்கள் உண்டு. கட்டாமல் நாய் வளர்ப்பவர்கள் அதை விசாரிக்க வேண்டும். யார் எடுக்க வேண்டாம்? சந்தா கட்டுவதற்காகக் குழந்தையின் பால் மாவைக் குறைக்க வேண்டிய குடும்பமும், பத்து வயது கடந்த கிழ நாயை வைத்திருப்பவர்களும் அந்தப் பணத்தைச் சேமிப்பதே மேல்.

முகவர் வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த நோய்க்கெல்லாம் பணம் தரமாட்டீர்கள்? வருடத்திற்கு எவ்வளவு வரை தருவீர்கள்? நான் முதலில் பணம் கட்ட வேண்டுமா? பிராணிக்கு வயதானால் சந்தா எவ்வளவு உயரும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்நிறுவனம் பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றதுதானா என்றும் விசாரியுங்கள். விண்ணப்பத்தில் பிராணியின் வயதையும் பழைய நோயையும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் பணம் கிடைக்காமலே போகலாம்.

நிறைவாக ஒன்று. வளர்க்கும் பிராணியை நோயிலும் வலியிலும் கைவிடாமல் காப்பது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் மருத்துவர் பெரிய தொகையைச் சொல்லும்போது, பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும்போது, யாராலும் சரியாகக் கணக்குப் போட முடியாது. ஆகவே நாய் நன்றாக ஓடியாடும் இன்றே, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து பேசுங்கள். நம்மால் எவ்வளவு செலவு செய்ய முடியும்? பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால், துன்பமின்றி அதை அனுப்பிவைக்கும் ஊசிக்கு நாம் சம்மதிப்போமா? இதை முன்கூட்டியே பேசி வைத்த குடும்பம் கடன்காரனிடமும் ஓடாது, பிராணியைத் தெருவிலும் விடாது.

முதலில் தடுப்பூசி, அடுத்து சேமிப்பு, அதற்குப் பின் முடிந்தால் காப்புறுதி. இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.