தொலைவிலிருந்து இயக்கும் ஆய்வுக் கருவி



ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, நீர் கலந்த பாலில் ஒரு கருவியை மிதக்க விட்டு அளப்பார்கள். தோட்டத்து மக்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். அளவைப் படிப்பவர் கருவியின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். கருவி ஒரு நாட்டிலும் அளப்பவர் வேறொரு நாட்டிலும் இருக்க முடியுமா? முடியும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ஹெசூஸ் டெல் அலமோ 1998-ஆம் ஆண்டில் இதற்கு வழி செய்தார். அங்கே டிரான்சிஸ்டரைச் சோதிக்கும் விலையுயர்ந்த கருவி ஒன்று இருந்தது. டிரான்சிஸ்டர் என்றதும் நம் பெரியவர்களுக்கு வானொலிப் பெட்டி நினைவுக்கு வரும். அந்தப் பெட்டிக்கு அப்பெயரைத் தந்ததே உள்ளே இருக்கும் இந்தச் சிறு மின் உறுப்புதான்.

ஒரே கருவியின் முன் எத்தனை மாணவர்கள் நிற்க முடியும்? ஆகவே கருவியைக் கம்பி வழியாகக் கணினியுடன் இணைத்து, கணினியை இணையத்தில் சேர்த்தார்கள். மாணவர் தம் அறையில் இருந்தபடியே, "இத்தனை வோல்ட் மின்னழுத்தம் கொடு" என்று கணினி வழியே கேட்பார். கணினி முதலில் அதைச் சரிபார்க்கும். வரம்பு மீறினால் ஏற்காது. மீறவிட்டால் டிரான்சிஸ்டர் கருகிவிடும் அல்லவா? வரம்புக்குள் இருந்தால், வரிசைப்படி கருவிக்குக் கட்டளையிடும். கருவி அளந்த மின்னோட்டம் எண்களாகத் திரும்பி வரும். ஓர் அளவைக்குச் சிறிது நேரமே போதும். அதனால் ஒரே கருவி பலருக்குப் பயன்பட்டது.

சிங்கப்பூர் மாணவர்களும் அந்தக் கருவியைக் கொண்டு பயின்றார்கள். அமெரிக்கா உறங்கும் வேளையில் இங்கே பகல். கருவிக்கு இரவிலும் வேலை கிடைத்தது. பின்னர் நைஜீரியா, உகாண்டா, தான்சானியா நாடுகளின் பல்கலைக்கழகங்களும் இத்திட்டத்தில் சேர்ந்தன.

இது படக்காட்சி அன்று. உண்மையான பொருளை அளந்து பெற்ற உண்மையான விடை. ஆனாலும் டிரான்சிஸ்டரைக் கருவியில் பொருத்த அங்கே ஒருவருடைய கை வேண்டும். கையால் செய்து பழகும் பாடத்தைக் கையால்தான் பழக வேண்டும்.

பெற்றோர்களே! "தோட்டப் பள்ளியில் கருவி இல்லை, நம் பிள்ளைக்கு விஞ்ஞானம் எட்டாது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். தொலைவில் உள்ள கருவியையும் இன்று நாடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் என்ன அளக்கிறோம், ஏன் அளக்கிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கத் தெரியாதவருக்குக் கருவி பக்கத்தில் இருந்தாலும் தூரம்தான். ஆகவே கணக்கையும் விஞ்ஞானத்தையும் இன்றே ஊன்றிப் படிக்கச் செய்யுங்கள்.