ஏழே முக்கால் அடிக் கூரையும் ஒரு இரும்புக் குழாயும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் "உடல்நலம் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்றார். உடல்நலம் பெரிய கடல். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது ஒரு இரும்புக் குழாய். அதைத் தாழ்வான கூரை உள்ள வீட்டில் எப்படிப் பத்திரமாக மாட்டுவது என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் காலத்தில் இதற்குப் பெயர் 'சிங்கிள் பார்'. இப்போது பிள்ளைகள் 'புல் அப்ஸ்' என்கிறார்கள். ராணுவத்துக்குப் போகிற பையன்கள் 'பீம்' என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான். 1904-05ல் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் இந்தியாவெங்கும் வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் நாம் கை இல்லாத பனியனை அவர் பெயரில்தான் வாங்குகிறோம். 1920ல் சென்னையில் ஹாரி க்ரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராக வாத்தியாராகப் போனார்கள்; பள்ளிக்கூட மைதானங்களில் இந்தக் குழாய் நின்றதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்னால் நம் பக்கத்தில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை இருந்தன. அவை தள்ளுவதற்கும் சுற்றுவதற்கும் நல்லவை. உடம்பை மேலே இழுக்கிற வேலைக்குத் தொங்க ஒரு இடம் வேண்டும். ஆடிப்பூரத் தேர் வடம் இழுப்பதை வருஷம் முழுக்கச் செய்ய முடியுமா, என்ன!

இந்தக் குழாயில் ஒரு பையனின் பிழைப்பே தொங்கலாம். ராணுவ ஆள்சேர்ப்பில் பீம் 10 தடவை எடுத்தால் 40 மதிப்பெண். 9 எடுத்தால் 33. 6 எடுத்தால் வெறும் 16. ஒரே ஒரு இழுப்பில் 7 மார்க் போகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மைதானம் பூட்டு, ஜிம் பூட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் போன் பண்ணினான். "சார், வீட்லயே பார் போடலாம்னு இருக்கேன். ஆனா எங்க வீடு மச்சு வீடு சார். நடையில நிமிந்து நின்னா கை மேல தட்டுது."

"எவ்வளவு உயரம்னு அளந்தியாப்பா?"

"ஏழே முக்கால் அடி சார்."

சட்டென்று முடியாது என்று சொல்லத் தோன்றும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரம் வேண்டும் என்கிறது. ஒலிம்பிக்கில் பார் நிற்பதே தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரத்தில். நம் ஊர்ப் பழைய வீடுகள் இந்த விதிகளைக் கேட்டுக் கட்டியவை அல்லவே. மச்சுக்குக் கீழே நடை குனிந்துதான் இருக்கும்.

ஆனால் கணக்கைக் கீழே இருந்து போடக் கூடாது, மேலே இருந்து போட வேண்டும். தாடை குழாய்க்கு மேலே வரும்போது தலை கூரையில் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். தாடையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய ஒரு சாண், 9 அங்குலம். வேகத்தில் கொஞ்சம் எம்புவோம். அதற்கு 6 அங்குலம். ஆக 15 அங்குலம். ஏழே முக்கால் அடியில் 15 அங்குலம் போனால் ஆறரை அடி மிச்சம். குழாய் அங்கே. பையன் ஐந்தடி ஏழு அங்குலம். கையைத் தூக்கினால் ஏழடிக்கு மேல் எட்டுவான். ஆகவே காலை நீட்டித் தொங்க முடியாது, முழங்காலைப் பின்னால் மடக்கித் தொங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒன்றரை அடி இருக்கிறது. அது போதும், தாராளமாகப் போதும்.

அடுத்தது எங்கே மாட்டுவது. முதலில் எங்கே மாட்டக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், உயிர் போவது அதில்தான்.

மின்விசிறிக்குக் கீழேயும் பக்கத்திலும் கூடவே கூடாது. தாழ்ந்த கூரையில் விசிறி இறக்கை தலை உயரத்தில்தான் சுற்றும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் லாஃப்டின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அது அண்டா குண்டா வைக்கப் போட்ட பலகை, ஆள் தொங்கப் போட்டதல்ல. சன்ஷேடும் அப்படியே. ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், நிலைக்கு நடுவே திருகி இறுக்குகிற பார் ஒன்றை வாங்கி மாட்டினான். கம்பெனிப் பெயர் எதற்கு, விடுங்கள். அந்த வகைப் பார் உராய்வில் மட்டுமே நிற்கிறது. பெயிண்ட் அடித்த நிலை வழுவழு என்று இருக்கும். நாலாவது நாள் பாரோடு கீழே வந்தான், மல்லாக்க. மணிக்கட்டு முறிந்தது. பிடரியில் அடிபடாமல் தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம். அந்த வகையை வாங்கித்தான் தீருவேன் என்றால், இரண்டு பக்கமும் ஸ்க்ரூ அடித்து உட்காரவைக்கும் கிண்ணம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, எங்கே மாட்டலாம்? பழைய வீட்டு நடை இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு பக்கமும் கனமான சுவர், இடையில் நாலடிக்கும் குறைவு. குழாயின் இரு முனையும் சுவருக்குள் உட்கார்ந்துவிட்டால் பாரம் நேராகச் சுவர் மேல் இறங்குகிறது. பிடுங்கிக்கொண்டு வர எதுவுமே இல்லை. அந்தப் பையன் வீட்டில் அதைத்தான் செய்தோம். ஒரு சுவரில் 8 அங்குலம் ஆழம், எதிர்ச் சுவரில் 4 அங்குலம் ஆழம் என்று துளை. குழாயை ஆழமான பக்கம் முழுக்கத் தள்ளி, பிறகு எதிர்ப் பக்கம் இரண்டு அங்குலம் போல இழுத்தால் இரு பக்கமும் உள்ளே நிற்கும். கொத்தனார் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் செய்தார். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று சிறு ஜல்லிக் கலவை, ஏழு நாள் தண்ணீர். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் இதைச் செய்யாதீர்கள், மண் சுவரிலும் வேண்டாம்.

குழாய் வாங்கும்போது இரும்புக் கடையில் 'ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப்' என்று மட்டும் கேட்டால் எதையாவது வெட்டிக் கொடுப்பார்கள். மஞ்சள் கோடு போட்டது மெல்லிசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். நீலமோ சிவப்போ கேளுங்கள். ஒரு இஞ்ச் என்றாலும் வெளிச்சுற்று 33 மில்லிமீட்டருக்கு மேல் வரும். பெரிய கைக்கு நன்றாக இருக்கும். சின்னக் கையாக இருந்தால் முக்கால் இஞ்ச், 27 மில்லிமீட்டர். ஒலிம்பிக் பாரே 28தான். ஆனால் முக்கால் இஞ்ச் எடுத்தால் சிவப்புக் கோடு மட்டுமே, நீளமும் மூன்றரை அடிக்குள். பிடிக்கு எங்கள் பையன் சுற்றியது என்ன தெரியுமா? சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி! வேர்வையை நன்றாக உறிஞ்சும். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

நீங்கள் தொங்குவதற்கு முன்னால் சிமெண்டு மூட்டை தொங்கட்டும். ஒரு மூட்டை 50 கிலோ. மூன்று மூட்டையை ஒரு ராத்திரி தொங்கவிட்டுக் காலையில் பாருங்கள்.

நடை இல்லாத வீட்டில் சுவரோடு முக்கோணச் சட்டம் போடலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. குழாய் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, சட்டத்தின் உயரமும் 2 அடி என்றால், மேல் போல்ட்டுகளைப் பிடுங்குகிற விசை உங்கள் எடை அளவு. உயரத்தை 1 அடியாகக் குறைத்தால் அது இரண்டு மடங்கு. அதனால் குட்டையான அழகுச் சட்டம் வேண்டாம். போல்ட் 9 அங்குலச் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் ஒரு இரும்புத் தகட்டோடு முடிய வேண்டும். சுவரைப் பார்த்துத் தொங்குங்கள், அப்போதுதான் மடக்கிய கால் பின்னால் போக இடமிருக்கும்.

தேக்கு உத்திரமும் ஊஞ்சல் கொக்கியும் உள்ள வீட்டார் கொடுத்து வைத்தவர்கள். நாலு பேர் உட்கார்ந்து ஆடியதைத் தாங்கியது ஒருவரைத் தாங்காதா? பலகையைக் கழற்றிவிட்டு அதே சங்கிலியில் குழாயைக் கோக்கலாம். கொஞ்சம் ஆடும். உத்திரத்தில் கரையான் இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். மற்றபடி கட்டைகுத்து மச்சின் கூரையில் துளை போடவே போடாதீர்கள். மேலே இருப்பது சாய்த்து அடுக்கிய செங்கலும் சுண்ணாம்பும்தான். இது எதுவும் ஒத்துவராதவர்கள் மொட்டைமாடிக்குப் போகலாம், கைப்பிடிச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி. தண்ணீர்த் தொட்டித் தூண் இரண்டுக்கு நடுவே எத்தனையோ வீட்டில் இடம் சும்மா கிடக்கிறது.

மாணவியர் சிலர் எங்களால் ஒன்றுகூட எடுக்க முடியாதே என்று என்னிடம் சொல்வதுண்டு. பையன்களும் அப்படித்தான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முக்காலி மேல் ஏறித் தாடையைக் குழாய்க்கு மேல் வைத்துக்கொண்டு, ஐந்து எண்ணுவதற்குள் இறங்காமல் மெதுவாக இறங்குங்கள். தாழ்ந்த பார் இதற்கு ரொம்பத் தோது, விழுந்தாலும் கால் தரையில். என் வயதுக்காரர்கள் சும்மா பத்து விநாடி, கால் தரையில் தொட்டபடி தொங்கினால் போதும். தோளில் வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொங்குங்கள்.

ராணுவத்துக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மடக்கிய காலோடு பழகினால் மேலே போகையில் முழங்காலை உதறுகிற பழக்கம் வரும். அங்கே உதறினாலோ ஆடினாலோ அந்த இழுப்பு கணக்கில் சேராது. வாரம் ஒருமுறையாவது உயரமான பாரில் காலை நீட்டி எடுத்துப் பழக வேண்டும்.

அந்தப் பையன் கதை? கொரோனாவில் இரண்டு வருஷம் ஆள்சேர்ப்பே நடக்கவில்லை. அவனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. அம்மா, "பீடி சுத்துற கையில இவனுக்கு எத்தனை நாளைக்குச் சோறு போடுவேன்" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அவன் விடவில்லை, தினமும் நடையில் தொங்கினான். 2022ல் அக்னிபத் வந்தபோது அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் உச்ச வயதை 21லிருந்து 23 ஆக்கினார்கள். போனான். ஒன்பது எடுத்தான், 33 மார்க். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறினான். 2023 முதல் முறை மாறிவிட்டது. முதலில் கணினித் தேர்வு, அதற்கப்புறம்தான் ஓட்டமும் பீமும். ஆகவே புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள் தம்பிகளே.

வீட்டில் பார் போட நினைக்கிற மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். கூரை உயரம், சுவர்க் கனம், விசிறி இருக்கும் இடம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் போதும். நேரில் வந்து பார்க்க வேண்டுமென்றாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். இஞ்சி டேப் என்னிடமே இருக்கிறது.