டவருக்கு எத்தனை மணி நேர மின்சாரம்?



2018 நவம்பர் 16. பொழுது விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னை சாய்ந்த கணக்கை நாமெல்லாம் மாதக்கணக்கில் பேசினோம். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்ததைப் பேசினோம். மின்சாரம் போன பிறகு செல்போன் டவர்களும் அடங்கிப்போனதை அவ்வளவாகப் பேசவில்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள்; கிடைக்கவே இல்லை. கரண்ட் இல்லாமல் ஒரு டவர் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் டெல்டாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வேலை பார்த்தவன். என்னைக் கேட்டால், எக்ஸ்சேஞ்சின் உயிர் அதன் பேட்டரி அறையில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் ஆசிட் நெடி மூக்கில் ஏறும். இரண்டு வோல்ட் செல்கள் 24, ஒன்றோடொன்று கோத்து 48 வோல்ட். கரண்ட் இருக்கும்போதும் பேட்டரி இணைப்பிலேயேதான் இருக்கும். சார்ஜர் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் கரண்ட் போகிற நொடியில்கூடப் பேச்சு அறுபடாது. உங்கள் வீட்டு டெலிபோனுக்கும் அதே மின்சாரம் செம்புக் கம்பி வழியாக வந்தது. ஊரே இருண்டு கிடந்தபோதும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்குமே, நினைவிருக்கிறதா நேயர்களே? காரணம் இதுதான்.

ஹைட்ரோமீட்டரை வைத்து ஆசிட்டின் அடர்த்தி பார்ப்போம், செல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம், எல்லாம் நோட்டில் ஏறும். மேலதிகாரி வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார். கிராமங்களில் சி-டாட் வடிவமைத்த சின்ன எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. ஏ.சி. இல்லாமல் நம் வெயிலில் ஓடும்படி நம் பொறியாளர்களே உருவாக்கியவை. எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம். ஒரு ஐப்பசி அடைமழையில், வெண்ணாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜெனரேட்டருக்கு டீசல் தீரப்போகிறது. எங்கள் ஜீப் போக வழியில்லை. அந்த ஊர் மிராசுதார் ஒருவர் பம்புசெட்டுக்கு வைத்திருந்த டீசலை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். “கரை உடைஞ்சா யாருக்குங்க சொல்றது? போன் ஓடட்டும்” என்றார்.

அந்தக் காலத்தில் கம்பி இழுத்ததும் விதி எழுதியதும் ஒரே அரசுத் துறை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்தான் அடிப்படை. 1994இன் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாரை அழைத்தது. 1997இல் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தனி நிறுவனமானது, 2023இல் புதிய சட்டமும் வந்துவிட்டது. இன்று பல இடங்களில் டவர் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அதில் சேவை தருவது வேறு கம்பெனிகள். டீசல் போடுவது யார் என்று சந்தாதாரருக்கு எப்படித் தெரியும்?

டிராய் 2024இல் ஒரு நல்ல விதி கொண்டுவந்தது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, பிரீபெய்டுக்குக் கூடுதல் நாள். வரவேற்கிறேன். ஆனால் அது நடந்து முடிந்த பிறகு வரும் ஈடு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காட்டுத்தீக்குப் பிறகு, அந்த மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2020இல் வேறு மாதிரி யோசித்தது. தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் செல்போன் சேவைக்கு 72 மணி நேர மாற்று மின்சாரம் இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. மூன்று பகல், மூன்று இரவு! பேட்டரி அறையில் ஆயுளைக் கழித்தவனுக்கு இதைப் படித்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்போது புயல் எச்சரிக்கையும் செல்போனுக்கே வருகிறது. டவர் அணைந்தால் அந்த எச்சரிக்கையும் இல்லை.

வேதாரண்யத்திலிருந்து அதிராம்பட்டினம் வரை கடலோர டவர்களுக்கும் இப்படி ஒரு மணிக்கணக்கு விதியில் ஏற வேண்டும். ஐப்பசிக்கு முன் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

 இதைக் கேட்க வழியும் இருக்கிறது. டிராய் விதிகளை எழுதுமுன் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும். யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். 2015இல் இணையச் சமத்துவத்துக்காக லட்சக்கணக்கானோர் மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரியில், இணையதளத்துக்கு இணையதளம் கட்டணம் மாற்றக் கூடாது என்று விதி வந்தது. குறைதீர் கூட்டத்தில் மேட்டூர் தண்ணீரையும் பயிர்க் காப்பீட்டையும் விடாமல் கேட்கும் நம் விவசாயச் சங்கங்கள், அடுத்த மழைக்கு முன் டிராய்க்கும் ஒரு கடிதம் போடும் என்று நம்புகிறேன்.