கனவும் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இவ்வாண்டு நம் செயலாளர் எம்மை அழைத்து, "குடும்பத்தின் பொருள் நிலையைப் பற்றிப் பேசுங்கள், மனத்தில் எண்ணியதைக் கையில் எய்துவது எப்படி என்று சொல்லுங்கள்" என்று பணித்தார். தமிழ் மேடையில் பணத்தைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் தயங்கினோம். பின்னர்த் திருக்குறளை நினைத்துப் பார்த்தோம். 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்கள் பொருட்பாலைச் சேர்ந்தவை. அப்பாலில் 'ஊக்கமுடைமை' என்றோர் அதிகாரம் உண்டு. 'பொருள் செயல்வகை' என்று மற்றோர் அதிகாரமும் உண்டு. உள்ளத்தில் எழும் ஊக்கத்தையும், பொருளீட்டும் வழியையும் வள்ளுவர் ஒரே பாலில் வைத்தார். எம் தயக்கம் நீங்கிற்று. அவ்விரண்டையும் நாம் பிரித்துவிட்டதால் விளையும் துன்பத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

நாம் பிழைப்பைத் தேடி வடக்கே வந்தோம். வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில் அமைந்தன. இவ்வளவு வசதி இருப்பதனாலேயே ஒன்றை மறந்துவிடுகிறோம். இவ்வீடு நம்முடையதன்று. பணி ஓய்வு பெற்றபின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் எதிர்வரிசையில் குடியிருந்த அன்பர் ஒருவர் 34 ஆண்டுப் பணி முடித்து ஓய்வு பெற்றார். மாலை சூட்டினோம், சால்வை போர்த்தினோம், புகழ்ந்து பேசினோம். சில மாதங்களில் லாரி வந்து நின்றது. பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டே, "எந்த ஊருக்கு அண்ணா போகிறது?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இப்போதைக்கு மகன் வாடகைக்கு இருக்கும் ஊருக்கு, தம்பி. அப்புறம் பார்க்க வேண்டும்" என்றார்.

அவர் சொந்த ஊரில் கட்டப்போகும் வீட்டைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எங்களிடம் பேசியவர். வாசலில் இரு பக்கமும் திண்ணை, கொல்லையில் முருங்கை, கிணற்றடியில் துவைக்கல். அந்த வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று எங்கள் வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆனால் அது கட்டப்படவே இல்லை. அவர் ஊதாரி அல்லர். இரு தங்கையரின் திருமணமும், மகனின் படிப்பும், தாயாரின் மருத்துவமும் வைப்பு நிதியிலிருந்தே நடந்தன. வீடு மட்டும் 'அப்புறம்' என்னும் பட்டியலில் நின்றுவிட்டது.

அன்றிரவு எங்கள் இல்லத்தில் எவருக்கும் உறக்கம் வரவில்லை. ஏனெனில் அப்படியொரு வீடு எங்களிடமும் இருந்தது. அலமாரிக் கதவின் உட்புறத்தில், காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய படமாக இருந்தது! பன்னிரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். அதற்கென்று பன்னிரண்டு ரூபாய் கூடத் தனியாக எடுத்து வைத்ததில்லை.

ஊர்ப் பயணம் கற்பிக்கும் பாடம்

கனவு காண்பதும் திட்டமிடுவதும் நமக்குத் தெரியாத கலைகளா? இல்லை, அன்பர்களே. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். வாசற்படியில் அம்மா நிற்கும் காட்சி பொங்கல் முடிந்த உடனேயே நம் கண்முன் வந்துவிடுகிறது. அதனோடு நாம் நிற்பதில்லை. புறப்படும் நாளைக் குறிக்கிறோம். முன்பதிவு என்று தொடங்கும் என்று கணக்கிடுகிறோம். முன்பு 120 நாட்களாக இருந்த அந்தக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்தது. அந்த மாற்றத்தை அறியாத வீடு நம் குடியிருப்பில் ஒன்று உண்டா? கட்டணத்துக்கு இவ்வளவு, வழிச் செலவுக்கு இவ்வளவு, அக்காள் பிள்ளைகளுக்குத் துணிமணிக்கு இவ்வளவு என்று ஒதுக்குகிறோம். பயணச்சீட்டு உறுதியாகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம்.

காட்சி, நாள், தொகை, தடை வந்தால் மாற்று வழி ஆகிய நான்கும் சேர்ந்திருப்பதால்தான் நாம் ஆண்டுதோறும் ஊர் போய்ச் சேருகிறோம். பிள்ளைகளின் உயர்கல்வி, சொந்த வீடு, முதுமைக் காலம் ஆகியவற்றுக்கோ காட்சி ஒன்றே இருக்கிறது. சீட்டு எடுக்காமல் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஊரை நினைப்பவரைப் போல் இருக்கிறோம்.

அறிஞர் கண்ட உண்மை

"கண்ணை மூடி, வேண்டிய செல்வம் வந்துவிட்டதாக எண்ணு, அது வந்து சேரும்" என்று போதிப்பவர் இன்று பலர். அறிஞர்கள் ஆராய்ந்து கண்டது வேறு. ஜெர்மனி நாட்டு உளவியல் பேராசிரியை காப்ரியேல் எட்டிங்கன், படிப்பை முடித்து வேலை தேடிய இளைஞர்களை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நல்ல வேலையில் அமர்ந்துவிட்டதாக அடிக்கடி இனிய கற்பனையில் ஆழ்ந்தவர்கள் குறைவாகவே விண்ணப்பம் அனுப்பினர். அவர்களுக்கு வேலை வாய்ப்புகளும் குறைவாகவே வந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சம்பளமும் குறைவாகவே இருந்தது. எய்திவிட்டதாக உள்ளம் நம்பிவிடின், முயற்சிக்கு வேண்டிய முறுக்கு தளர்ந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. எங்கள் அலமாரிப் படம் பன்னிரண்டு ஆண்டுகள் செய்ததும் அதுவே.

அப்படியாயின் கனவே வேண்டாவா? வேண்டும். இலக்கைக் கண்முன் கொண்டுவந்த உடனேயே, அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் கண்முன் கொண்டுவர வேண்டும் என்கிறார் அவ்வம்மையார். தடையைப் பார்த்த கண்தான் வழியையும் தேடும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அழகிய சான்று உண்டு. திலீப் சோமன், அமர் சீமா என்னும் ஆய்வாளர் இருவர் கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களிடையே செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கூலியில் சேமிப்புக்கென்று ஒரு தொகையைப் பிரித்து, உறையில் இட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சில உறைகளின் மீது அத்தொழிலாளியின் குழந்தைகளுடைய படம் இருந்தது. படமுள்ள உறை பெற்றவர்கள் மிகுதியாகச் சேமித்தனர். அதே தொகையை இரண்டு உறைகளாகப் பிரித்துக் கொடுத்தபோது சேமிப்பு மேலும் கூடியது. பெற்ற பிள்ளையின் முகத்தைக் கிழித்துப் பணம் எடுக்க எந்தத் தந்தைக்குத்தான் கை வரும்?

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். படம் சுவரில் தொங்கவில்லை. பணத்தின் மேலேயே இருந்தது.

எங்கள் இல்லத்தில் செய்தது

லாரி போன மறுநாள் எம் மனைவியார் அலமாரியைத் திறந்து, அப்படத்தின் கீழே நான்கு வரி எழுதினார். 'எவ்வளவு? எந்த ஆண்டு? இந்த மாதம் எவ்வளவு? எது தடுக்கும்?' முதல் மூன்றும் கணக்கு. நான்காவதை எழுதும்போதுதான் உண்மை வெளிப்பட்டது.

எங்களைத் தடுத்தது வறுமை அன்று. ஊரார் கண்ணில் எங்களைப் பற்றி இருந்த மற்றொரு படம்! 'வடக்கே போய்ச் சம்பாதிப்பவர்' என்னும் படம் அது. ஊரில் ஒரு திருமணம் என்றால் மற்றவரைவிட மிகுதியாக மொய் எழுதினோம். விடுமுறைக்குப் போனால் பெட்டி நிறையப் பரிசுகளோடு இறங்கினோம். அந்தப் படத்தைக் காப்பாற்றுவதற்காக அலமாரிப் படத்தைப் பட்டினி போட்டோம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலையசைக்கும் முகங்களைப் பார்க்கும்போது, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று என்று தெரிகிறது.

ஆகவே முன்கூட்டியே ஒரு முடிவு செய்தோம். 'திருமண அழைப்பு வந்தால் இவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை' என்று தொகையைக் குறித்து வைத்தோம். அழைப்பு வந்தபின் யோசித்தால் கௌரவம் வெல்லும். வருமுன் முடிவு செய்தால் கணக்கு வெல்லும். வங்கியில் வீட்டுக்கென்று ஒரு கணக்கும், பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு கணக்கும் திறந்தோம். சம்பளம் வந்த மறுநாளே உரிய தொகையை வங்கி தானாகவே பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தோம். இக்காலத்தில் அதுவே நம் ஒட்டிய உறை. இரண்டு பாஸ் புத்தகங்களின் அட்டையிலும் படம் ஒட்டியிருக்கிறோம்.

மற்றொரு வழியும் சொல்லுவோம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2017-இல் பெற்ற ரிச்சர்டு தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும், அமெரிக்கத் தொழிலாளரிடம், "இன்று எதையும் குறைக்க வேண்டாம்; அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கைச் சேமிப்புக்குத் தர இன்றே ஒப்புக்கொள்ளுங்கள்" என்று கேட்கும் திட்டத்தை வகுத்தனர். அதை ஏற்றவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்டு உயர்வும் பஞ்சப்படியும் பெறும் நமக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறுண்டா? கைக்கு வந்து பழகாத பணத்தை இழப்பது துன்பமாகத் தோன்றாது.

காலம் என்னும் கூட்டாளி

தாய்மார்களே, இனி ஒரு சிறு கணக்கு. மகளின் மேற்படிப்புக்கு இன்றைய விலையில் 10 லட்சம் ரூபாய் வேண்டும் என்று கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், பத்தாண்டு கழித்து அப்படிப்புக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் ஆகும். படத்தின் கீழே இன்றைய விலையை எழுதினால் ஏமாந்து போவோம். சேமிப்புக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்று கொண்டால், இன்றே தொடங்குபவர் மாதம் ஏறத்தாழ 10,350 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்துத் தொடங்குபவர் மாதம் 25,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். கனவு ஒன்றே, மகளும் ஒருத்தியே, 'அப்புறம்' என்ற ஒரு சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை இது. முழுத் தொகைக்கு இன்று வழியில்லாதவர் 1,000 ரூபாயிலாவது தொடங்கட்டும். தொடங்கிய கணக்கு வளரும். தொடங்காத கணக்கு வளராது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நம் கனவை நம்மைவிட நன்றாக அறிந்தவன் ஏமாற்றுக்காரன். அவன் மகளின் திருமணத்தையும் சொந்த வீட்டையும் வண்ணம் தீட்டிக் காட்டி, "ஓராண்டில் இரட்டிப்பாகும்" என்பான். பதிவு பெறாத சீட்டு ஒன்றில் ஒருமுறை எங்கள் பணமும் அவ்வாறே போயிற்று. சீட்டுகளை ஒழுங்குபடுத்த 1982-ஆம் ஆண்டிலேயே மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு உண்டா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் தப்பியிருப்போம். படத்தின் அழகில் மயங்கிக் கேட்காமல் விட்டோம்.

நிறைவாக

எங்கள் வீடு கட்டி முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஊர் எல்லையில் சிறு மனை வாங்கினோம். சென்ற ஆண்டு சுவர் எழும்பியது. காலண்டர் படத்தில் இருந்த மாடி இல்லை. இரண்டு அறைகளும் ஒரு பக்கத் திண்ணையும்தான். கூரைக்கு உரிய தொகை இன்னும் நிறையவில்லை. பணி ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஆயினும் இப்போது அலமாரியைத் திறந்தால், எங்கள் கண் படத்துக்குப் போவதில்லை. அதன் கீழே உள்ள நான்கு வரிகளுக்கே போகிறது.

இன்றிரவு வீடு திரும்பியதும், கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமருங்கள். உங்கள் கனவு எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அதன் கீழே அந்த நான்கு வினாக்களையும் எழுதுங்கள். நான்காவது வினாவுக்கு உண்மையான விடை எழுதுங்கள். அடுத்த சம்பள நாளில் முதல் தொகையை எடுத்து வையுங்கள்.

நம் குடியிருப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சிலர் ஓய்வு பெற்றுப் போகத்தான் போகிறார்கள். நாமும் லாரியில் பொருள்களை ஏற்றி வழியனுப்பத்தான் போகிறோம். இனி, "எந்த ஊருக்கு?" என்று கேட்கும்போது, "எங்கள் வீட்டுக்கு" என்ற விடையே நம் காதில் விழட்டும்.